வீட்டுக் கணக்கு: பிள்ளை கேட்கும் விளையாட்டுக் கணினி



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று வலிகாமத்தில் இருந்து வந்தது. தையல் தைத்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "மூத்தவன் ஓ.எல். எடுத்துப்போட்டு நிக்கிறான். கேம் விளையாடுற கொம்பியூட்டர் வேணுமாம். கடையிலை ஒரு துண்டு எழுதித் தந்தவை. அதிலை இருக்கிற ஒரு சொல்லும் எனக்கு விளங்கேல்லை. கீழை போட்டிருக்கிற தொகை மட்டும் விளங்குது. அதிலை பாதிதான் என்னட்டைச் சேரும். தேப்பன் இல்லாத பிள்ளை, இல்லையெண்டு சொல்லவும் மனம் வருகுதில்லை. சங்கிலியைக் கொண்டுபோய் வைக்கலாமோ எண்டு யோசிக்கிறன்."

இது ஒரு தாயின் கடிதம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. 2009இல் பிறந்த பிள்ளைகள் இன்று ஓ.எல்., ஏ.எல். வயதில் நிற்கிறார்கள். பதுங்குகுழியிலும் முகாமிலும் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள். அவர்கள் ஒன்றைக் கேட்டால் 'இல்லை' என்று சொல்ல எங்களில் பலருக்கு வாய் வருவதில்லை. ஆகவே இந்த மாதம் இந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் அந்தச் சகோதரிக்கு ஒரு பதில். சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். பாதித் தொகைக்கும் வழி இருக்கிறது. ஆனால் கடைத் துண்டை நீங்களே வாசிக்கப் பழகவேண்டும்.

பாகம் பூட்டுவது எங்களுக்குப் புதிதல்ல

"அம்மா, உங்களுக்கு உது விளங்காது" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அப்படிச் சொல்லும் பிள்ளைக்கு 1990களின் கதையைச் சொல்லுங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை, பற்றறி வர விடவில்லை. சைக்கிளை நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கறண்டில் வானொலி கேட்டோம். ஜாம் போத்தலில் பஞ்சை வைத்து, சில துளி மண்ணெண்ணெயில் விளக்கு எரித்தோம். பெற்றோல் இல்லாதபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. எது எதோடு சேரும், எது சேராது, எது இல்லாமல் சமாளிக்கலாம் என்ற அறிவு அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் வளர்ந்தது. கணினி வாங்குவதற்கு வேண்டியதும் அதே அறிவுதான்.

பெட்டிக்குள் இருப்பவை ஏழு பாகங்கள். புறோசசர் என்பது கணக்குப் பார்க்கும் மூளை. மதர்போர்ட் என்பது மற்ற எல்லாவற்றையும் பூட்டும் பலகை. றாம் என்பது வெட்டிய துணியை விரித்து வைத்துத் தைக்கும் மேசை மாதிரி. மேசை சிறிதென்றால் வேலை சுணங்கும். எஸ்.எஸ்.டி. என்பது தைத்ததை மடித்து வைக்கும் அலுமாரி. கிராபிக்ஸ் கார்ட் என்பது திரையில் படத்தை வரையும் பாகம். அலுவலகக் கணினியையும் விளையாட்டுக் கணினியையும் பிரிப்பது இதுதான். விலை கூடியதும் இதுதான். பவர் சப்ளை சுவரில் வரும் கறண்டை எல்லாப் பாகங்களுக்கும் அளந்து கொடுப்பது. கடைசியாக, இவற்றை மூடி வைக்கும் கேசிங் என்ற கூடு.

கடைத் துண்டில் எழுதியிருப்பவை பெரும்பாலும் இந்த ஏழின் பெயர்களும் இலக்கங்களும்தான்.

முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்

கடைக்குப் போகமுன் ஒரு கொப்பித் தாளைக் கொடுத்து, "நீ விளையாடப்போற ஐந்து கேமின்ரை பெயரை எழுது" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வேலை பெருந்தொகையை மிச்சப்படுத்தும்.

இன்று பிள்ளைகள் கூடிச் சேர்ந்து விளையாடும் பல விளையாட்டுகள் பெரிய கணினி கேட்பவை அல்ல. 2020இல் வந்த வலொரன்ட், 2013இல் வந்த டோட்டா 2 இரண்டும் இலவசமானவை, நடுத்தரக் கணினியில் ஓடக்கூடியவை. கிரிக்கெட் 07 என்ற பழைய விளையாட்டை இன்றும் விட்டுவிடாத பெடியள் இருக்கிறார்கள். அதற்கு எந்தக் கணினியும் போதும். 2015இல் கணினிக்கு வந்த ஜி.ரி.ஏ. 5 கொஞ்சம் கூடக் கேட்கும். புத்தம்புதிதாக வரும் பெரிய விளையாட்டுகள்தான் விலையுயர்ந்த கார்ட்டைக் கேட்பவை.

ஒவ்வொரு விளையாட்டையும் வெளியிடுபவர்கள் 'குறைந்தபட்சத் தேவை', 'பரிந்துரைக்கும் தேவை' என்று இரண்டு பட்டியல் தருகிறார்கள். பிள்ளையைக் கொண்டு அவற்றை எழுதுவியுங்கள். நாங்கள் இரண்டாவது பட்டியலுக்கு வாங்கினால் போதும்.

அத்தோடு '4கே' என்று கடையில் சொன்னால் மயங்கவேண்டாம். சாதாரண முழு எச்.டி. திரையில் நிரைக்கு 1920 புள்ளிகளாக 1080 நிரைகள் இருக்கும். 4கே திரையில் அதைப்போல நான்கு மடங்கு புள்ளிகள். அத்தனையையும் வரைய அதற்கேற்ற பெரிய கார்ட் வேண்டும். எங்கள் வரவுக்கு 1080 திரை தாராளம்.

நூறு ரூபாய்க் கணக்கு

கணினிப் பாகங்களின் விலை டொலரோடு ஏறி இறங்கும். 2022 தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாய் வரை போனது. வற் வரியும் 2024 ஜனவரியில் 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. 2025இன் பிற்பகுதியில் இன்னொன்றும் நடந்தது. செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய கொம்பனிகள் நினைவகச் சில்லுகளை அள்ளி வாங்கத் தொடங்க, உலகம் முழுவதும் றாம் விலை ஏறியது. ஆகவே நான் இங்கே விலை எழுதினால் இதழ் உங்கள் கைக்கு வரமுன் அது பிழைத்துவிடும். பங்கீட்டை மட்டும் சொல்கிறேன்.

கையிலுள்ள தொகையில் முதலில் பெட்டிக்கு வெளியே இருப்பவற்றுக்கு எடுத்து வையுங்கள். மொனிற்றர், கீபோர்ட், மவுஸ், ஹெட்போன், யூ.பி.எஸ். என்பன அவை. பலரும் பெட்டிக்கே எல்லாக் காசையும் கொடுத்துவிட்டு வந்து, பிறகுதான் மொனிற்றருக்கு ஆர் தருவது என்று நிற்கிறார்கள். வீட்டில் எச்.டி.எம்.ஐ. வாசல் உள்ள எல்.ஈ.டி. தொலைக்காட்சி இருந்தால் மொனிற்றரைப் பிறகு வாங்கலாம்.

மிச்சத் தொகையை 100 ரூபாய் என்று வைத்தால், கிராபிக்ஸ் கார்ட்டுக்கு 36, புறோசசருக்கு 18, மதர்போர்ட்டுக்கு 13, றாமுக்கு 10, பவர் சப்ளைக்கு 10, எஸ்.எஸ்.டி.க்கு 8, கேசிங்குக்கு 5. றாம் விலை ஏறியிருக்கும் நாட்களில் அதன் பங்கு கூடும். அந்தக் கூடுதலைக் கார்ட்டின் பங்கிலிருந்து எடுங்கள், பவர் சப்ளையின் பங்கைத் தொடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் துண்டில் கேசிங்குக்கு 15 ரூபாயும் பவர் சப்ளைக்கு 4 ரூபாயும் போட்டிருந்தால், அது வண்ண வெளிச்சத்துக்குக் காசு கேட்கும் துண்டு. மினுங்கும் லைற் விளையாட்டை வேகமாக்காது.

சேருமா, சேராதா

இரண்டு அங்குலப் பம்பை வாங்கி அரை அங்குலக் குழாயில் பூட்டினால் தோட்டத்துக்கு வருவது அரை அங்குலத் தண்ணீர்தான். பெரிய கார்ட்டும் சிறிய புறோசசரும் அப்படித்தான். இரண்டும் ஒரு தரத்தில் இருக்கவேண்டும். இதைவிட நான்கு பொருத்தம் பார்க்கவேண்டும்.

ஒன்று, புறோசசரும் மதர்போர்ட்டும். புறோசசர் இருக்கும் குழிக்குச் சொக்கெற் என்று பெயர். ஏ.எம்.டி. கொம்பனியின் ஏ.எம். 4 சொக்கெற் 2017இல் றைசன் புறோசசர்களோடு பரவியது, டி.டி.ஆர். 4 றாம் கேட்பது. 2022இல் வந்த ஏ.எம். 5 சொக்கெற் டி.டி.ஆர். 5 மட்டுமே கேட்பது. இன்ரெல் கொம்பனியின் எல்.ஜி.ஏ. 1700 சொக்கெற் 2021இல் வந்தது. அதில் மதர்போர்ட்டைப் பொறுத்து ஏதாவது ஒன்று பொருந்தும். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. "இந்தப் புறோசசரின் சொக்கெற் என்ன, போர்ட்டின் சொக்கெற் என்ன, போர்ட் கேட்கும் றாம் எது" என்று கேட்டு எழுதிக்கொண்டால் போதும்.

இரண்டு, பெயரின் கடைசி எழுத்து. இன்ரெல் புறோசசரின் இலக்கத்துக்குப் பின்னால் 'எப்' என்று இருந்தால் அதனுள் படம் வரையும் பகுதி இல்லை. கோர் ஐ3 12100எப் அப்படியான ஒன்று. விலை குறைவு, விளையாட்டுக்கு நல்லது. ஆனால் தனிக் கார்ட் பூட்டாமல் திரையில் ஒன்றும் வராது. எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய், கார்ட்டைப் பிறகு வாங்கலாம் என்று கடையில் சொன்னதை நம்பி இப்படி ஒன்றை வாங்கி வந்து, ஐந்து மாதம் துணி போட்டு மூடி வைத்திருந்தார். றைசன் 5 5600ஜி போல 'ஜி' என்று முடிபவற்றில் படம் வரையும் பகுதி உள்ளேயே இருக்கிறது.

மூன்று, றாம். 16 ஜி.பி. வாங்குவதென்றால் ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜி.பி. துண்டு இரண்டு வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து ஓடும்போது வேகம் கூடும். தனிக் கார்ட் இல்லாத கணினியில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நான்கு, மொனிற்றரின் வாசல். பழைய மொனிற்றர்களில் நீல நிற வி.ஜி.ஏ. வாசல் மட்டுமே இருக்கும். புதிய கார்ட்டுகளில் அது இல்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய மொனிற்றரை வாங்கமுன் பின்பக்கத்தைப் பாருங்கள்.

சிக்கனம் பார்க்கக்கூடாத இடம்

கேசிங்கோடு 'இலவசமாக' வரும் பவர் சப்ளையில் 500 வாற்ஸ் என்று ஒட்டியிருக்கும். உள்ளே அந்தப் பலம் இருக்காது. மற்றப் பாகம் ஒன்று பழுதானால் அது மட்டும்தான் போகும். பவர் சப்ளை பழுதாகிப் போனால் மதர்போர்ட்டையும் கார்ட்டையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். பெயர் தெரிந்த கொம்பனியின், '80 பிளஸ்' குறி உள்ள, 450 அல்லது 550 வாற்ஸ் பவர் சப்ளை ஒன்றை எழுத்தில் உத்தரவாதத்தோடு வாங்குங்கள். அது அடுத்த கணினிக்கும் உதவும்.

எங்கள் ஊரின் கறண்ட் ஏறி இறங்குவது. மாரி தொடங்கும் ஐப்பசியிலும், பிறகு சித்திரை மழையிலும் இடிமின்னல் கூட. யூ.பி.எஸ். வாங்குவது கறண்ட் போனபின் தொடர்ந்து விளையாட அல்ல, ஐந்து நிமிடத்துக்குள் ஒழுங்காக நிறுத்த. 650 வி.ஏ. என்று எழுதியிருக்கும் சிறிய யூ.பி.எஸ். ஏறத்தாழ 360 வாற்ஸ் வரைதான் தாங்கும். இடி முழங்கும் நேரம் யூ.பி.எஸ்.ஸையும் நம்பாமல் பிளக்கைக் கழற்றி, இணைய வயரையும் கழற்றிவிடுங்கள். சுவர்ப் பிளக்கில் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று மின்சார வேலை தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை பார்ப்பிப்பது நல்லது.

பெட்டியை நிலத்தில் வைக்கவேண்டாம். புழுதி, எறும்பு, பல்லி மூன்றும் சூடான இடத்தைத் தேடி வரும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, குருநகர் போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றும் சேரும். கடலைப் பார்த்த யன்னலடியில் வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு, மெல்லிய தூரிகையால் தூசி தட்டவேண்டும். அது பிள்ளையின் வேலை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பாவித்த சாமான்

பாதித் தொகைக்கு வழி இருக்கிறது என்றேனே, அதில் பெரிய பங்கு பாவித்த சாமானில் இருக்கிறது. பட்டினக் கடைகளிலும் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசா போன்ற இடங்களிலும் புதியதும் பாவித்ததும் கிடைக்கின்றன. பாவித்ததில் மூன்று வகையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

முதலாவது, வெளிநாட்டு அலுவலகங்களில் இருந்து கழித்து வரும் டெல், எச்.பி. கணினிகள். உறுதியானவை, விலை குறைந்தவை. ஆனால் விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏற இன்ரெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புறோசசர் வேண்டும். ஐ5 என்று மட்டும் சொன்னால் போதாது. ஐ5க்குப் பின்னால் வரும் இலக்கம் 8500 என்றால் எட்டாம் தலைமுறை, 4570 என்றால் நான்காம் தலைமுறை. இன்னொன்று, இவற்றில் பலவற்றின் பவர் சப்ளை அந்தந்தக் கொம்பனியின் தனி அளவில் இருக்கும். பெரியது மாற்ற இயலாது. அதனால் தனி மின்வயர் கேட்காமல் போர்ட்டில் இருந்தே 75 வாற்ஸ் எடுத்து ஓடும் கார்ட்தான் இதற்குச் சரி. 2019இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 1650இல் அப்படியானவை உண்டு. கூடு சிறிதென்றால் உயரம் குறைந்த கார்ட்டாகக் கேட்கவேண்டும்.

இரண்டாவது, தனியாக விற்கும் பாவித்த கார்ட்டுகள். எதேரியம் என்ற இணையப் பணத்தை உண்டாக்க உலகெங்கும் இலட்சக்கணக்கான கார்ட்டுகளை இரவு பகலாக ஓடவிட்டார்கள். 2022 செப்ரெம்பர் 15ஆம் திகதி அந்த முறை மாற, அவை தேவையற்றுப் போய்ச் சந்தைக்கு வந்தன. 2017இல் வந்த ஆர்.எக்ஸ். 580 அப்படி நிறைய வந்த ஒன்று. அதில் நல்லவையும் உண்டு, களைத்தவையும் உண்டு. அதே பெயரில் '2048 எஸ்.பி.' என்று சேர்த்து வருவது உண்மையில் ஆர்.எக்ஸ். 570இன் தரம். இன்னும் சிலர் மிகப் பழைய கார்ட்டுக்குப் புதிய பெயரை ஏற்றி விற்கிறார்கள். ஜி.பி.யூ.-சீ என்ற இலவச மென்பொருள் பல போலிகளைக் காட்டிக்கொடுக்கும். அதைக் கடையிலேயே ஓடிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு விளையாட்டை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, விசிறி ஆடுகிறதா, திரையில் கோடு விழுகிறதா, கருகல் மணம் வருகிறதா என்று பாருங்கள். மணம் பிடிக்கக் கணினிப் படிப்பு வேண்டாம்.

மூன்றாவது, கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தம் அனுப்பும் பழைய கணினி. நல்ல உதவிதான். ஆனால் கனடாவில் கறண்ட் 120 வோல்ற், எங்களிடம் 230. பழைய பவர் சப்ளைகளின் பின்னால் 115, 230 என்று ஒரு சிவப்புச் சுவிச் இருக்கும். அதை 230இல் வைத்த பிறகே பிளக்கில் போடவேண்டும். பார்க்காமல் போட்டால் அந்த நொடியிலேயே வெடித்துவிடும். எல்லாவற்றையும் தானாக ஏற்கும் புதிய பவர் சப்ளையில் '100-240' என்று எழுதியிருக்கும்.

படிப்படியாக ஏறுங்கள்

என் அக்காவின் மகளுக்கு, எனக்குப் பெறாமகளுக்கு, விளையாட்டிலும் கணினியில் உருவங்கள் வரைவதிலும் ஆசை. அக்காவிடம் இருந்தது சீட்டெடுத்த காசு மட்டும். நாங்கள் மூவரும் இருந்து கணக்குப் பார்த்து, படம் வரையும் பகுதி உள்ளேயே இருக்கும் 5600ஜி புறோசசர், 8 ஜி.பி. றாம் இரண்டு, நல்ல பவர் சப்ளை, 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. என்று தொடங்கினோம். மொனிற்றர் வாங்கவில்லை, தொலைக்காட்சியில் பூட்டினோம். கார்ட்டின் இடம் காலியாக இருந்தது. வலொரன்ட் அதிலேயே ஓடியது, கிரிக்கெட்டும் ஓடியது. பதினான்கு மாதம் கழித்து, அடுத்த சீட்டில், பாவித்த கார்ட் ஒன்றைப் பரிசோதித்து வாங்கிப் பூட்டினோம். அதற்கிடையில் அவள் ஒரு கலியாண அல்பக்காரருக்குப் படம் திருத்திக் கொடுத்து மொனிற்றருக்கு உழைத்துவிட்டாள்.

பாகம் பாகமாக வாங்கும் கணினியில் இருக்கும் பெரிய நன்மை இதுதான். மடிக்கணினியை ஒருமுறை வாங்கினால் பெரும்பாலும் அப்படியே இருக்கவேண்டியதுதான். இதில் வளர இடம் விட்டு வாங்கலாம். போர்ட்டும் பவர் சப்ளையும் நல்லதாக இருந்தால் மிச்சமெல்லாம் காசு வரும்போது வரும்.

கடனும் கறண்ட் பில்லும்

ஒரு பொருளின் விலை கடைத் துண்டோடு முடிவதில்லை. 75 வாற்ஸ் கார்ட் உள்ள கணினி மொனிற்றரோடு விளையாடும் நேரத்தில் ஏறத்தாழ 200 வாற்ஸ் எடுக்கும். நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் மாதம் 18 அலகு. 200 வாற்ஸ் கார்ட் பூட்டினால் 350 வாற்ஸ் வரை போகும், மாதம் 31.5 அலகு ஆகும். வீட்டு மின்கட்டணம் படி வைத்து ஏறுவது. மாதம் 60 அலகைத் தாண்டும் வீட்டுக்கு முதல் அலகிலிருந்தே வேறு விலை. இப்போது 50 அலகில் நிற்கும் வீடு எந்தப் படிக்குப் போகும் என்று உங்கள் பழைய பில்லைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

விளையாட்டுக்குள்ளும் கடை இருக்கிறது. உடுப்பு, துவக்கின் நிறம் என்று காசு கேட்பார்கள். வங்கி அட்டை இலக்கத்தைக் கணினியில் சேமிக்கவேண்டாம்.

கடனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்த நுண்கடன்காரரை வடக்கில் அறியாத ஊர் இல்லை. 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களின் பெண்கள் எடுத்துக் கட்டமுடியாமற் போன, ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத நுண்கடன்களை நீக்க முடிவெடுத்தது. ஐந்து வட மாவட்டங்களும் அந்தப் பன்னிரண்டில் இருந்தன. அந்த வலியை மறக்கமுன் ஒரு விளையாட்டுப் பெட்டிக்காக இன்னொரு கையெழுத்து வேண்டாம். தையல் மெசினுக்குக் கடன் எடுத்தால் மெசின் கட்டும். விளையாட்டுக் கணினி அப்படிக் கட்டும் என்று முன்கூட்டி எவரும் சொல்லமுடியாது. கணினி பழசாகும் வேகத்தில் அடகு வட்டியும் ஏறும். கையில் உள்ளதற்குத் தொடங்குங்கள்.

ஹெட்போனை விட்டுவிடாதீர்கள்

பட்டியலில் ஹெட்போனைக் கட்டாயம் என்று எழுதினேன். பிள்ளைகள் அதைத் தங்களுக்கு என்று நினைப்பார்கள். நான் எழுதியது உங்களுக்காக. இந்த விளையாட்டுகளில் பல சுடுகிற விளையாட்டுகள். நள்ளிரவில் பக்கத்து அறையில் துவக்குச் சத்தம், குண்டுச் சத்தம், ஓடுகிற காலடிச் சத்தம். பிள்ளைக்கு அது சத்தம் மட்டுமே. எங்களுக்கு அப்படியில்லை. திடுக்கிட்டு எழும்பி வியர்த்துப்போய் இருந்த தாய்மாரை எனக்குத் தெரியும். அவர்கள் பிள்ளையிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவன்ரை சந்தோசம் கெட்டுப்போகும் என்று பேசாமல் இருந்தார்கள்.

சொல்லுங்கள். கோபமாக வேண்டாம், சாதாரணமாகச் சொல்லுங்கள். "உந்தச் சத்தம் எனக்கு ஏலாது, நீ ஹெட்போனைப் போட்டு விளையாடு" என்றால் பிள்ளைக்கு விளங்கும். அவன் பிறந்த காலத்தைப் பற்றி நீங்கள் இருவரும் பேசாமல் விட்ட ஏதோ ஒன்றைப் பேசவும் அது ஒரு வாசலாகலாம். கணினியை மூடிய அறைக்குள் வைக்காமல் விறாந்தையிலோ நடு அறையிலோ வைத்தால், என்ன விளையாடுகிறான், ஆரோடு கதைக்கிறான் என்பதும் கண்ணில் படும்.

கடையில்

பிள்ளையோடு நீங்களும் போங்கள். கடைக்காரர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் கதைப்பார். காசு உங்கள் கையில் இருக்கிறது, ஆகவே நீங்கள் கேளுங்கள். இந்த ஐந்தும் போதும்.

"புறோசசரும் போர்ட்டும் ஒரே சொக்கெற்றா?"

"தனிக் கார்ட் இல்லாமல் இது திரையில் படம் காட்டுமா?"

"பவர் சப்ளை எந்தக் கொம்பனி, எத்தனை வருட வொறன்ரி?"

"பிறகு கார்ட் பூட்டினால் இதே பவர் சப்ளை தாங்குமா?"

"ஒவ்வொரு பாகத்தின் தொடரிலக்கத்தையும் பில்லில் எழுதித் தருவீர்களா?"

கடைசிக் கேள்வி முக்கியம். 'கொம்பியூட்டர் ஒன்று' என்று மொத்தமாக எழுதிய பில்லை வாங்காதீர்கள். பாகத்துக்குப் பாகம் விலையும் தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் இருக்கவேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம், தொலைபேசி இலக்கம் 1977.

துண்டை அன்றே முடிவாக்கவேண்டாம். இரண்டு மூன்று கடைகளில் எழுதி வாங்கி, வீட்டில் விரித்து வைத்து, பிள்ளையும் நீங்களுமாக நூறு ரூபாய்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். எதை இப்போது வாங்குவது, எதை அடுத்த வருடம் வாங்குவது என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். 'இல்லை' என்று சொல்ல மனம் வராத தாய்க்கு 'இது இப்போது, அது பிறகு' என்று சொல்வது கடினமாக இராது. அப்படி எழுதிப் பழகிய பிள்ளை நாளைக்குத் தன் வீட்டுக் கணக்கையும் எழுதுவான்.

துண்டு விளங்காவிட்டால் கடையின் பெயரை மறைத்து எனக்குப் பிரதி அனுப்புங்கள். அடுத்த மாதம் ஒன்றிரண்டை எடுத்து, எங்கே குறைக்கலாம் என்று வரிவரியாகப் பார்ப்போம்.